வலி இல்லாத தங்கை

அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு ஐம்பத்து நான்கு படிகள். மாலை ஐந்தேகால் மணிக்கு, காலி அட்டைப் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிவந்த டேப் அக்கா, இரண்டாவது மாடித் திருப்பத்தில் சட்டென்று நின்றாள். கீழே பாதிப் படியில் இரட்டையரில் சின்னவள் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு படியில் ஒரு காலை வைப்பது, மற்ற காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது, மூச்சு விடுவது, பிறகு அடுத்த படி. நாலு படி தள்ளி, இருவர் பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு பெரியவள் நிமிர்ந்து பார்த்தபடி காத்திருந்தாள். அவளுக்கும் முழங்கால் வலிதான். ஆனால் அது ஊருக்கே தெரிந்த வலி. சின்னவளுக்கு வலி கிடையாது. கிடையாது என்று பதினொரு மாதமாக வாராவாரம் எழுதிவைத்தது டேப் அக்காவின் கைதான்.

டேப் அக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு அளவு டேப் தொங்கும். தொடையின் சுற்றளவு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரையிலான நீளம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம் என்று பிள்ளைகளை அளந்துகொண்டே இருப்பது அவள் வேலை. வீட்டில் கணவர் கால் நீட்டி உட்கார்ந்தால்கூட அவள் கண் முதலில் முழங்காலுக்குத்தான் போகும். "அதை விட்டுட்டு மூஞ்சியையும் கொஞ்சம் பாரேன்" என்பார் அவர்.

அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தேடிக்கொண்டிருந்தார்கள். ஓடி ஆடித் திரிகிற பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு முழங்காலின் முன்பக்கம், சில்லைச் சுற்றி, ஒரு வலி வருகிறது. அடிபட்டிருக்காது, வீங்கியிருக்காது, படம் எடுத்துப் பார்த்தால் எலும்பு கண்ணாடி மாதிரிச் சுத்தமாக இருக்கும். ஆனாலும் வலிக்கும். படி இறங்கினால் வலிக்கும், குந்தினால் வலிக்கும், சினிமாக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும். அதே மைதானத்தில் அதே அளவு ஓடுகிற பக்கத்துப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஏன்? இதற்காக நூற்று இருபது பிள்ளைகளைச் சேர்த்திருந்தார்கள். அறுபது பேர் வலி உள்ளவர்கள், அறுபது பேர் வலி இல்லாதவர்கள். ரப்பர் தரை போட்ட அறையில் எட்டு கேமராக்களுக்கு நடுவே, உடம்பெல்லாம் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி அவர்களைக் குதிக்கவிட்டுப் படம் பிடிப்பார்கள். அதோடு வாரம் ஒரு முறை டேப் அக்கா ஃபோனில் கூப்பிட்டுக் கேட்பாள்: "இந்த வாரம் வலி எவ்வளவு? சைபர்லருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு."

இந்தக் கூட்டத்தில்தான் இரட்டையர் வந்து சேர்ந்தார்கள். வாலிபால் ஆடுகிறவர்கள், இருவருமே வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடிக்கிறவர்கள். ஆறு நிமிடம் முந்திப் பிறந்ததால் ஒருத்தி பெரியவள், மற்றவள் சின்னவள். பெரியவளுக்கு வலி வந்து, டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லி, பயிற்சியாளர் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு மாதம் ஆன சமயம் அது. சின்னவள் கல் மாதிரி இருந்தாள். ஆய்வுக்குத் தலைமை வகித்த பேராசிரியை அன்று டேப் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே முகம், ஒரே உயரம், ஒரே சாப்பாடு, ஒரே பயிற்சி. ஒருத்திக்கு வலி, ஒருத்திக்கு இல்ல. இந்த ரெண்டு பொண்ணுங்கதான் நம்ம தங்கம்." அதன் பிறகு எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அவர் காட்டும் முதல் படம் அந்த இரண்டு ஜோடி முழங்கால்கள்தான்.

படியில் நின்றபடியே டேப் அக்காவுக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று சொல்வதுகூடப் பொய்; அது போகவே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால், ஒற்றைக் காலில் குந்தி எழும் சோதனையில் சின்னவள் கீழ் உதட்டைக் கடித்ததை அவள் பார்த்தாள். "வலிக்குதா?" என்றாள். "இல்லக்கா, சைபர்" என்றாள் சின்னவள், கேள்வி முடிவதற்குள். பிள்ளை சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. டேப் அக்கா சைபர் என்று எழுதினாள். இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்டால் தங்கம் தகரமாகிவிடுமோ என்று இருந்தது. கேட்கவில்லை.

அட்டைப் பெட்டிகளைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். காலடிச் சத்தம் கேட்டதும் சின்னவள் கைப்பிடியை விட்டுவிட்டு, மிச்சமிருந்த படிகளைத் தடதடவென்று நேராக இறங்கினாள். நல்ல நடிப்பு. கடைசிப் படியில் மட்டும் முகம் ஒரு தரம் சுருங்கி விரிந்தது.

சைக்கிள் நிறுத்துமிடத்தின் சிமென்ட் திட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். சின்னவள் கால்களை மடக்காமல் நேரே நீட்டிக்கொண்டதை டேப் அக்கா கவனித்தாள்.

"எவ்வளவு நாளா?"

பெரியவள் தன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நான் திட்ட வரலம்மா."

"அம்மாகிட்ட சொல்லப் போறீங்களா?" என்றாள் சின்னவள்.

"மாட்டேன். முத நாளே சொன்னேன்ல, நீங்க சொல்றது எதுவும் அம்மாவுக்கோ கோச்சுக்கோ போகாதுன்னு. ஆனா மேடம்கிட்ட சொல்லித்தான் ஆகணும். நான் எழுதியிருக்கறதெல்லாம் தப்பு நம்பர்."

"நம்பர்தான் உங்களுக்குக் கவலை" என்றாள் சின்னவள். குரலில் கோபம்கூட இல்லை. நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

டேப் அக்காவுக்குச் சுருக்கென்றது. முதலில் அவள் வாயில் வந்தது நம்பர்தான்.

"இவ வலிக்குதுன்னு சொன்னா" என்று சின்னவள் அக்காவைத் தாடையால் காட்டினாள். "அம்மா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு மாசம் ரெஸ்ட்னாங்க. அப்புறம் இன்னும் ரெண்டு மாசம். ஒரு வருஷமா பெஞ்ச்ல உக்காந்து தண்ணி பாட்டில் பிடிச்சுக்கிட்டிருக்கா. வலி போச்சா? கேளுங்க. போகல. வலியும் இருக்கு, ஆட்டமும் போச்சு. எனக்கு வலி மட்டும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

பெரியவள் லேஸை இறுக்கினாள். "விடு டீ" என்றாள் மெதுவாக.

பெண் சொன்னதில் ஓட்டை ஒன்றும் இல்லை. தங்கையின் பையை அன்றைக்கும் அக்காதான் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் பேராசிரியை காபிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் டேப் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உதட்டைக் கடித்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்ததையும் சேர்த்தே சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லைதான். ஆனால் பதினான்கு வயதுப் பெண் பொய் சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ள மனம் ஒப்பவில்லை.

பேராசிரியை கத்துகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். கணினியில் அந்த இரண்டு ஜோடி முழங்கால்களும் பக்கம் பக்கமாகத் திறந்தே இருந்தன.

"வலி இல்லாத அறுபது பேர எதுக்குச் சேர்த்தோம்?" என்றார் கடைசியில். "சும்மா ஒப்பிட்டுப் பார்க்கவா? இல்ல. அவங்கள்ல யாருக்காவது புதுசா வலி வரும், வரும்போது கூடவே இருந்து பார்க்கலாம்னுதானே. எப்போ வருது, அதுக்கு முந்தின வாரம் என்ன நடந்துச்சுன்னு. வந்திருக்கு பாருங்க. நம்ம கண்ணு முன்னாலயே வந்திருக்கு. நாம சைபர், சைபர், சைபர்னு எழுதிக்கிட்டிருந்திருக்கோம்."

"நான்தான் மேடம் எழுதினேன்."

"நீங்க எழுதினீங்க. கேள்விய எழுதினது நானு." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நம்பர் சொல்லுன்னு கேட்டா, ஆடணும்னு நெனைக்கற புள்ள வேற என்ன நம்பர் சொல்லும்?"

அம்மாவுக்குச் சின்னவளே சொல்லட்டும், ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. ஒரு வாரம் தேவைப்படவில்லை. நான்காம் நாள் மதியம், வரவேற்பு மேசையில் பெயரைக்கூடச் சொல்லாமல், இரண்டு பெண்களையும் முன்னால் தள்ளிக்கொண்டு அவர்களுடைய அம்மா வந்து நின்றாள். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். விரல் நுனிகளில் மை, இடுப்பில் கடைச் சாவிக் கொத்து.

"கடையில கூட்டம் நிக்குது" என்றாள் உட்காராமலே. "ஒருத்தர் அறுபது பக்கம் குடுத்துட்டு அவசரம்ங்கறாரு. நடுவுல வந்து நின்னுக்கிட்டு, 'அம்மா, எனக்கும் வலிக்குது, ஏழு மாசமா வலிக்குது'ங்கறா இவ. மெஷின நிறுத்தணும்னுகூட எனக்குத் தோணல மேடம். அது பாட்டுக்கு வெள்ளத்தாளா துப்பிக்கிட்டே இருக்கு." அவள் டேப் அக்காவின் பக்கம் திரும்பினாள். "பதினோரு மாசமா உங்ககிட்ட அனுப்பறேன். தலையிலிருந்து கால் வரைக்கும் அளக்கறீங்க. எட்டு கேமரா வச்சிருக்கீங்க. என் புள்ளைக்கு வலிக்குதுன்னு கண்டுபிடிக்க ஒரு லிஃப்ட் கெட்டுப்போகணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சின்னவளின் தோள்கள் லேசாகக் குலுங்கின. பெரியவள் அவள் காலை மிதித்தாள்.

"நீங்க சொல்றது நியாயம்" என்றார் பேராசிரியை. "உக்காருங்க."

அம்மா உட்கார்ந்தாள். கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது போல, நாற்காலியில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஏன் வலிக்குது? நான் பெத்த ரெண்டுக்கும் ஏன் வலிக்குது? என் வளர்ப்பா, சத்துக் கொறைவா, பரம்பரையா?"

"தெரியல."

"தெரியலையா?"

"முழுசாத் தெரியல. ஒரு காரணம்தான்னு இல்ல. இந்த வயசுல உடம்பு மடமடன்னு வளருது, தசை அதுக்கு ஈடு குடுக்கணும். எவ்வளவு குதிக்கறாங்க, எவ்வளவு தூங்கறாங்க, மனசுல என்ன பயம், எல்லாத்துக்கும் அதுல பங்கு இருக்கலாம். எது எவ்வளவுன்னுதான் தேடிக்கிட்டிருக்கோம். ஒண்ணு மட்டும் சொல்ல முடியும். இந்த வலிக்கு மாசக்கணக்கா முழுசா உக்கார வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. குதிக்கறதக் கொறைச்சு, தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போகலாம்."

அந்த வார்த்தைகள் யார் மேல் போய் விழுந்தன என்பதை டேப் அக்கா பார்த்தாள். சின்னவள் மேல் அல்ல. பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம். டாக்டர் சொன்னார் என்று அம்மா சொன்னாள், அம்மா சொன்னாள் என்று இவள் உட்கார்ந்தாள். அம்மாவின் மை படிந்த கை பெரியவளின் கை இருந்த பக்கமாகப் போய், தொடாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டது.

"இங்க வரும்போதெல்லாம் என்கிட்ட நம்பர் மட்டும்தான் கேட்டீங்க" என்றாள் பெரியவள் தரையைப் பார்த்தபடியே. "ஆடலாமான்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லல."

பேராசிரியை மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். "சொல்லியிருக்கணும்" என்றார். "வைத்தியத்துல தலையிடக் கூடாதுன்னு விதி. விதி எனக்கு வசதியாவும் இருந்துச்சு."

பிறகு அவர் சின்னவளிடம் கேட்டார், "எந்த வாரம் ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி பயிற்சி ஏதாவது மாறுச்சா?"

"தெரியல மேடம். நான் எங்க எண்ணினேன்."

பெரியவள் பையைத் திறந்தாள். கணக்கு நோட்டை எடுத்து, பின்பக்கத்திலிருந்து புரட்டி, பேராசிரியையின் முன்னால் வைத்தாள்.

பென்சிலால் கோடு போட்ட மூன்று பத்திகள். தேதி, ஒரு எண், இன்னொரு எண். பக்கம் பக்கமாக. பத்து மாதத்துக்கும் மேல்.

"இது என்னது டீ?" என்றாள் சின்னவள், அக்காவின் தோள் வழியாக எட்டிப் பார்த்து.

"நீ குதிச்சது. ப்ராக்டிஸ்லயும் மேட்ச்லயும். பக்கத்துல இருக்கறது, தூங்கறதுக்கு முன்னாடி நான் கேப்பேன்ல, இன்னிக்கு எவ்வளவுன்னு. அது."

"எண்ணினியா? எல்லாத்தையுமா?"

"பெஞ்ச்ல வேற என்ன வேலை எனக்கு?"

டேப் அக்கா பேராசிரியையின் பின்னால் போய் நின்று படித்தாள். ஒரே மாதிரியான, அழகான கையெழுத்து. எண்பது, சைபர். எண்பத்தைந்து, சைபர். தொண்ணூறு, சைபர். அப்படியே மூன்று மாதம். பிறகு எண்கள் ஏறத் தொடங்கின. நூற்று நாற்பது. நூற்று அறுபது. ஒரு போட்டி நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கு அடுத்த வாரம் வலது பக்கத்தில் முதல் முறையாக ஒரு இரண்டு. அதற்கு அப்புறம் சைபரே கிடையாது. அவள் கழுத்து டேப்பும் எட்டு கேமராவும் பிடிக்காததை ஒரு ஹெச்பி பென்சில் பிடித்துவைத்திருந்தது.

"இந்த இடத்துல ஏன் இவ்வளவு ஏறுச்சு?" என்றார் பேராசிரியை, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு.

சின்னவள் யோசித்தாள். "அப்பதான் கோச் சொன்னாரு, அக்கா இப்போதைக்கு வரமாட்டா, அவ அடிக்கற பந்தையும் நீயே அடின்னு." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவளுக்கு அது எப்போதோ தெரியும் என்று அவள் உட்கார்ந்திருந்த விதமே சொன்னது. எண்ணினவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"அப்போ அதுதான் காரணமா?" அம்மா முன்னால் சாய்ந்தாள். "அதிகமாக் குதிச்சதுதானா?"

பேராசிரியை நோட்டிலிருந்து விரலை எடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார் ஆமாம் என்று சொல்ல, என்று டேப் அக்கா நினைத்துக்கொண்டாள். "ஒரு பொண்ணோட நோட்டு இது" என்றார் அவர். "இத வச்சு இதுதான் காரணம்னு சொன்னா அது இன்னொரு பொய். அதே அளவு குதிச்சும் வலிக்காத புள்ளைங்க இருப்பாங்க. ஆனா இனிமே எதக் கேக்கணும்னு எனக்குத் தெரியுது." பெரியவளைப் பார்த்தார். "இத நான் ஒரு காப்பி எடுத்துக்கலாமா?"

"நான் எடுத்துத் தரேன்" என்றாள் அம்மா. "கடையில."

அந்த மாதம் முழுக்க டேப் அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லை. வலி இல்லாத மற்ற ஐம்பத்தொன்பது பேரையும் ஒருவர் ஒருவராக வரவழைத்தார்கள். லிஃப்ட் சரியாகிவிட்டிருந்தது, ஆனாலும் எல்லோரையும் படியிலேயே இறங்கச் சொன்னார்கள், ஏன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. கேள்வித்தாளும் மாறியது. வலிக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், "வலிக்குதுன்னு சொன்னா என்ன ஆகும்னு நெனைக்கறே?" என்று ஒரு வரி சேர்ந்தது. அந்த வரிக்குப் பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் பதில் சொன்னார்கள். ஐம்பத்தொன்பதில் ஏழு பேர் சைபரைத் திருத்தினார்கள். பேராசிரியை தன் படங்களிலிருந்து அந்த இரண்டு ஜோடி முழங்கால்களை எடுத்துவிட்டார். கட்டுரை ஒரு வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் ஒரு தரம் பெருமூச்சு விட்டார். இரண்டாம் தரம் விட்டதை டேப் அக்கா கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில், யாரும் கூப்பிடாமலே, அவள் வாலிபால் அரங்கத்துக்குப் போனாள். இத்தனை மாதமாக அந்த நான்கு முழங்கால்களையும் அளந்தவள், அவை ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. உள்ளரங்கில் பளபளப்பான மரத் தரை, உயரத்து ஜன்னல்களில் சாய்ந்த வெயில், ஷூ ரப்பர் தேயும் கீச்சுச் சத்தம். இனி ஒரு நாளைக்கு ஆளுக்கு இவ்வளவுதான் குதிக்கலாம் என்று பேராசிரியை எழுதிக் கொடுத்த தாளைப் பயிற்சியாளர் சுவரில் ஒட்டியிருந்தார். கடுகடுப்பான மனிதர், ஒட்டுவதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார் என்று அம்மா காதோரம் சொன்னாள். கடையை அரை நாள் சாத்திவிட்டு வந்திருந்தாள். விரல் நுனிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள், மை போகவில்லை.

சின்னவளின் பங்கு முதல் அரை மணியிலேயே முடிந்துவிட்டது. அவள் உர்ரென்று வந்து பெஞ்சில் விழுந்தாள், டேப் அக்காவைப் பார்த்தும் பார்க்காதது போல. அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை என்று டேப் அக்காவுக்குத் தோன்றியது.

பெரியவள் உள்ளே போனாள். ஒரு வருடம் கழித்து. முதல் பந்துக்கு அவள் எழும்பவே இல்லை. நின்ற இடத்திலிருந்து தட்டிவிட்டாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு இரண்டு அடி ஓடி வந்து, கடைசி நொடியில் நின்றுவிட்டாள். பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார்.

"என்ன டீ, தரைக்கு வலிக்குமா?" என்று பெஞ்சிலிருந்து சின்னவள் கத்தினாள்.

பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நடந்து போய், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, உள்ளங்கைகளை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டாள். பந்து மேலே போட்டுக் கொடுக்கப்பட்டது. அவள் ஓடி வந்தாள், ஒன்று, இரண்டு, மூன்றாவது அடியில் இரண்டு பாதங்களும் ஒன்றாகத் தரையைத் தொட்டு, முழங்கால்கள் ஆழமாக மடிந்து நிமிர்ந்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவள் பெஞ்சிலிருந்து பாதி எழுந்திருந்தாள். வலைக்கு மேலே, ஜன்னல் வெயிலுக்குள், பெரியவளின் முதுகு வில்லாக வளைந்திருந்தது. பந்து அவள் கையைவிட இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. கீழே பளபளத்த தரையில் அவள் நிழல் தனியாக அவளுக்காகக் காத்திருந்தது.